கூடி எழுதும் நூல்: தமிழ் விக்கிப்பீடியா குறித்து ஒரு மதிப்பீடு

கல்வி கைவரும் முறையைக் கூறவந்த பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே ஒரு கணக்குச் சொல்லியுள்ளார். ஆசிரியன் உரைத்ததைச் செவ்வனே கேட்டுக்கொண்ட மாணாக்கனுக்கும், அக்கேள்வியால் வாய்க்கும் புலமை காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகி ஆராய்வதனால் இன்னொரு காற்பங்கு வரும். தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதனால் எஞ்சிய இரண்டு காற்பங்கும் வந்து புலமை நிரம்பும். 13 ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்நூற் கொள்கையின்படி, கல்வியின் முக்காற்பங்கு பிறரோடு கூடிய வழியே நிகழ்வது. இக்காலக் கல்வியியலார் கூட்டுக் கற்றல் என வழங்குவதன் சாரம் இக்கணக்கினுள் அடங்கிக் கிடக்கின்றது.

இணையத்தின் வரவினால் இம்முக்காற் பங்குக்கும் புதிய வாயில்கள் திறந்துள்ளன என்று பலர் பேசுகின்றனர். முகநூற் குழுக்கள், வட்ஸ்அப் குழுக்கள், பலர் ஒருங்கே எழுதத்தக்க மின்னேடுகள் முதலியன எல்லாம் கூட்டுக் கற்றலின் கருவிகளாகப் போற்றப்படுகின்றன. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் வட்ஸ்அப் வாயிலாகவே பாடக்குறிப்புக்களை மாணவர்க்கு அனுப்பினர். அந்நெருக்கடியில் அது செய்த உதவி சிறிதன்று. ஆயினும் ஒருவர் அனுப்பப் பலர் பெறுதல் கூட்டுக் கற்றல் ஆகாது. குழுவில் இடப்பட்ட ஒரு செய்தி பிழையுடையதாயின், பின்னர் வரும் திருத்தம் அதன்கீழ் வேறொரு செய்தியாய் நிற்குமேயன்றி முன்னைய பிழையை அகற்றுவதில்லை. பிழைபட்ட செய்தியோ அதற்குள் வேறு பல குழுக்களைச் சென்றடைந்துவிடும். பலர் கூடி எழுதுவதற்கும் கற்பதற்கும் இக்கருவிகளுள் எதனை உரைகல்லாகக் கொள்வது என்று ஆராயின், பலர் எழுதியும் பலர் திருத்தியும் ஒரே நூலை வளர்க்கும் விக்கி முறையே அதற்குப் பொருத்தமானது. அம்முறையிலே எழுந்த தமிழ் விக்கிப்பீடியாவின் தகுதியையும் குறையையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

விக்கி என்பது விரைவு என்னும் பொருள்தரும் ஹவாய் மொழிச் சொல். அமெரிக்கக் கணினி வல்லுநரான வார்டு கன்னிங்காம் 1995 ஆம் ஆண்டில் தாம் அமைத்த இணையத்தளத்துக்கு இப்பெயரை இட்டார். படிப்பவர் எவரும் பக்கத்தைத் திருத்தலாம் என்பதே அத்தளத்தின் புதுமை. ஜிம்மி வேல்ஸ், லறி சாங்கர் என்னும் இருவரும் 2000 ஆம் ஆண்டில் நியூபீடியா என்னும் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினர். துறையறிஞர் எழுதி, ஏழு படிகளிற் பரிசோதித்த பின்னரே கட்டுரை வெளிவரவேண்டும் என்பது அதன் விதி. விதி சிறந்ததே, ஆனால் முற்றுப்பெற்ற கட்டுரைகள் விரல்விட்டு எண்ணத்தக்க சிறுதொகையாகவே இருந்தன. அதற்குத் துணையாக விக்கி முறையில் 2001 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் திகதி தொடங்கப்பட்ட விக்கிப்பீடியாவே பின்னர் அதனை விஞ்சி வளர்ந்தது. முன்னையதிலே பரிசோதனை வெளியீட்டுக்கு முன் நிகழ்ந்தது. பின்னையதிலே வெளியீட்டுக்குப் பின் நிகழ்கின்றது. இவ்வேறுபாட்டை மனத்துட் கொண்டாலன்றி விக்கிப்பீடியாவைப் பற்றிய எம்மதிப்பீடும் நேர்ப்படாது.

தமிழிற் கலைக்களஞ்சிய முயற்சிகள் மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளன. முதலாவது, தனியொருவர் உழைப்பு. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902 ஆம் ஆண்டில் வெளியிட்ட அபிதான கோசமும், ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்து 1910 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் ஆதரவோடு வெளிவந்த அபிதான சிந்தாமணியும் இவ்வகையின. இரண்டாவது, அறிஞர் குழுவின் உழைப்பு. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் இதற்குச் சான்று. பல துறை வல்லோர் எழுதினர். பதிப்பாசிரியர் தெரிந்து திருத்தி ஒழுங்குசெய்தார். மூன்றாவது நிலையிலே பதிப்பாசிரியர் என ஒருவர் இல்லை. எழுதுவோரே திருத்துவோர், படிப்போரே எழுதுவோர். தமிழ் விக்கிப்பீடியா இந்நிலைக்கு உரியது.

2003 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே தமிழ் விக்கிப்பீடியா கால்கொண்டது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் கட்டடக் கலைஞருமான இ. மயூரநாதன், ஐக்கிய அரபு இராச்சியத்தில் வாழ்ந்த அக்காலத்தில் அதன் தொடக்கப் பணியைப் பெரும்பாலும் தனித்து நின்றே செய்தார். கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதை அவருக்கு வழங்கியது. இலங்கை, தமிழ்நாடு, புலம்பெயர்ந்த நாடுகள் ஆகியவற்றிலிருந்து பின்னர் பலர் வந்து சேர்ந்தனர். அவர்கள் பொதுச் செய்திகளை விவாதிக்கும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். 2017 ஆம் ஆண்டிலே கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தைக் கடந்தது. ஊதியமின்றி ஓய்வுநேரத்திற் செய்யப்பட்ட பணி இவ்வளவினது என்பது தமிழர் பெருமைப்படத்தக்க செய்தியே. எனினும் பெருமை வேறு, மதிப்பீடு வேறு.

விக்கிப்பீடியாமேற் சுமத்தப்படும் முதற்குற்றம், எவரும் எழுதலாம் என்பதாற் பிழை மலியும் என்பது. இக்குற்றச்சாட்டை வெறுமனே தள்ளிவிட முடியாது. ஜோன் சீகெந்தாலர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய்ச்செய்தி ஒன்று 2005 ஆம் ஆண்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் எவராலும் திருத்தப்படாமற் கிடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நேச்சர் என்னும் அறிவியல் இதழ், அறிவியற் பொருள்கள்மீது எழுந்த 42 கட்டுரைகளைத் துறையறிஞரைக் கொண்டு ஒப்பிட்டு நோக்கியது. கட்டுரை ஒன்றுக்கு விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு பிழைகளும் பிரித்தானிக்காவில் ஏறத்தாழ மூன்று பிழைகளும் காணப்பட்டன என்பது அதன் முடிபு. இவ்வாய்வின் முறையைப் பிரித்தானிக்காவினர் 2006 ஆம் ஆண்டில் மறுத்துரைத்தனர். இரு நிகழ்ச்சிகளையும் ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பலர் கண்பட்ட கட்டுரை அறிஞர் எழுதிய கட்டுரைக்கு அருகில் வந்து நிற்கின்றது. எவர் கண்ணும் படாத கட்டுரையிலே பொய் குடிபுகுகின்றது. ஆகவே எவரும் எழுதலாம் என்பது நோயன்று. எழுதியதைப் பின்னர் எவரும் பாராதிருப்பதே நோய்.

இந்நோய்க்கு மருந்தாக ஒவ்வொரு கட்டுரையின் பின்னும் இரண்டு பக்கங்கள் அமைந்துள்ளன. ஒன்று வரலாற்றுப் பக்கம். இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னார் செய்த மாற்றம் இது என்பது அங்கே பதிவாகின்றது. பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்புநோக்கலாம். தீய மாற்றமாயின் முன்னைய நிலைக்கு மீட்கலாம். மற்றையது உரையாடற் பக்கம். கட்டுரையிலே கருத்து வேறுபாடு கொண்டோர் அங்கே வாதிட்டு முடிபு காண்கின்றனர். அச்சிட்ட நூலிலே ஆசிரியன் அடித்துத் திருத்திய கையெழுத்துப் படி மறைந்துபோகின்றது. இங்கோ அடித்தலும் திருத்தலும் அப்படியே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மாணவனுக்கு எழுத்துப்பணியைக் கற்பிக்க இதனினும் வெளிப்படையான பாடம் பிறிதொன்றைக் காண்டல் அரிது.

தமிழ் மரபுக்கு இது முற்றிலும் புதியதன்று. நூலை அவையிலே அரங்கேற்றுவதும், அவையோர் தடை நிகழ்த்துவதும், ஆசிரியன் விடை கூறுவதும் பண்டைய வழக்கம். காஞ்சிக் குமரகோட்டத்திலே கந்தபுராணம் அரங்கேறியபோது, முதற்பாட்டின் தொடக்கச் சொற்களின் புணர்ச்சிக்கு விதி எங்கே என்று ஒருவர் தடை எழுப்பினார் என்றும், மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதியைக் காட்டினார் என்றும் செவிவழி வரலாறு கூறும். இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. கச்சியப்ப சிவாசாரியாரின் பெருமை அத்தடைக்கு விடையாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை, நூலாதாரமே விடையாயிற்று. விக்கிப்பீடியாவில் மெய்யறிதன்மை எனப்படும் விதியும் இதுவே. எழுதியவர் பேராசிரியரா மாணவரா என்று அவ்விதி வினவுவதில்லை. கூற்றுக்கு ஆதாரம் எங்கே என்றே வினவும். அரங்கேற்றம் ஒருமுறை நிகழ்ந்து நிறைவுறும். விக்கிக் கட்டுரையோ ஒவ்வொரு நாளும் அரங்கேறிக்கொண்டே இருக்கின்றது.

தமிழ் விக்கிப்பீடியாவின் உரையாடற் பக்கங்களிலே நிகழ்ந்த வாதங்களுள் தலையாயவை சொல்லைப் பற்றியவை. இலங்கை மாணவர் பௌதிகவியல், இரசாயனவியல், கேத்திரகணிதம், திரிகோணகணிதம் என்று பயின்றவற்றைத் தமிழ்நாட்டு மாணவர் இயற்பியல், வேதியியல், வடிவியல், முக்கோணவியல் என்று பயில்கின்றனர். ஈண்டு ஒட்சிசன் என்பதை ஆண்டு ஆக்சிஜன் என எழுதுவர். கிரந்த எழுத்துக்களை ஆளலாமா, ஆளின் எவ்வளவு என்பது பற்றியும் நெடிய வாதங்கள் நிகழ்ந்தன. பாக்குநீரிணையின் இருமருங்கும் வெவ்வேறு பாடநூல்களால் வளர்ந்த இரு வழக்குக்களும் ஒரே ஏட்டிலே நாள்தோறும் எதிர்ப்பட்டமை இக்கருவி தந்த வாய்ப்பு. ஒரு சொல்லைத் தலைப்பாகக் கொண்டு, மற்றைச் சொல்லைத் தேடுவோரையும் அக்கட்டுரைக்கே இட்டுச் செல்லும் வழிமாற்று என்னும் ஏற்பாடு இச்சிக்கலை ஓரளவு தீர்க்கின்றது. ஆயினும் தலைப்புச் சொல்லே நிலைபெறும் சொல்லாதலின், எப்பகுதியார் மிகுதியாக வந்து எழுதுகின்றனரோ அப்பகுதியாரின் வழக்கே ஓங்குதல் இயல்பு. இலங்கை ஆசிரியரும் மாணவரும் எழுதாது வாளா இருப்பின், நாலைந்து தலைமுறையாகப் பாடசாலைகளில் வழங்கிய அவர்தம் கலைச்சொற்கள் மெல்ல வழக்கொழியும். அதற்குப் பிறரை நொந்து பயனில்லை.

கூடி எழுதுதல் யாது, யாது அன்று என்பதைத் தெளிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று தமிழ் விக்கிப்பீடியாவின் வரலாற்றில் உண்டு. 2009 ஆம் ஆண்டளவிலே கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவில் இடும் திட்டத்தை மேற்கொண்டது. நெடுங்கட்டுரைகள் விரைந்து வந்து குவிந்தன. அவற்றுட் பல ஆங்கில வாக்கியத்தின் எலும்பின்மேல் தமிழ்ச் சொற்களைப் போர்த்தியனவாய் இருந்தன. தமிழ் வாசகர்க்கு உடனடித் தேவையில்லாத பொருள்களும் மிகுந்திருந்தன. பிழைகளைச் சுட்டி உரையாடற் பக்கத்தில் எழுதியோர்க்கு மறுமொழி கிடைப்பதும் அரிதாயிற்று. தமிழ் விக்கிப்பீடியர் இதனை ஆராய்ந்து குறைகளைத் தொகுத்து, 2010 ஆம் ஆண்டிலே போலந்து நாட்டின் கிடான்ஸ்க் நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டில் முன்வைத்தனர். தலைப்பைத் தெரிவதிலும் தரத்தைப் பேணுவதிலும் தங்களோடு கலந்து செய்ய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

இந்நிகழ்ச்சியில் மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுதல் நேர்மையன்று. அவர்க்கு இடப்பட்ட பணி, கட்டுரையை முடித்து ஒப்படைத்தல். ஒப்படைத்ததும் அவர் கடமை தீர்ந்தது. விக்கியிலோ கட்டுரையை இட்டபின்னரே கடமை தொடங்குகின்றது. ஒரே ஏட்டிலே பலர் எழுதினர் என்பதால் மட்டும் அது கூட்டெழுத்து ஆகிவிடாது. தடைக்கு விடைசொல்ல வந்து நிற்பவனே அவ்வேட்டின் உடனாசிரியன்.

இவ்வளவுகோலைத் தமிழ் விக்கிப்பீடியாமீதே வைத்துப் பார்ப்பின், அதன் குறையும் புலனாகும். கட்டுரைத் தொகையைக் கொண்டு ஏனை இந்திய மொழி விக்கிப்பீடியாக்களோடு ஒப்பிட்டு மகிழும் வழக்கம் பலரிடம் உண்டு. தொகை பெருகிய அளவுக்குத் திருத்துவோர் தொகை பெருகவில்லை. இரண்டு மூன்று வாக்கியங்களோடு நின்றுவிட்ட கட்டுரைகள் பல. ஆதாரம் காட்டப்படாத கூற்றுக்கள் பல. பல கட்டுரைகளின் உரையாடற் பக்கங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. வெளியீட்டுக்குப் பின்னரே பரிசோதனை என்பது இம்முறையின் அடிப்படையாதலால், பரிசோதிப்போர் இல்லாத கட்டுரை பரிசோதனையே பெறாத கட்டுரையாகும். பத்துப் புதுக் கட்டுரைகளை எழுதியவரைப் போற்றுவோர், பழைய கட்டுரை ஒன்றிலே பிழையான ஆண்டொன்றை ஆதாரம் காட்டித் திருத்தியவரையும் அவ்வாறே போற்றுதல் வேண்டும்.

ஆதாரம் காட்டுதல் என்பது ஈழத்துப் பொருள்களைப் பொறுத்தவரையில் எளிய செயலன்று. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. ஓர் ஊரின் வரலாற்றையோ, ஒரு புலவரின் வாழ்க்கையையோ எழுதப் புகுவோர்க்கு மேற்கோள் காட்டவேண்டிய மலரும் சஞ்சிகையும் கைக்கெட்டாது போயின. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் மின்வடிவாக்கி எவரும் படிக்கத்தக்கதாய் இணையத்தில் வைத்து வருகின்றது. அதுவும் தன்னார்வலர் கூடிச் செய்த பணியாகவே தோன்றியது. ஒரு கூட்டம் ஆதாரத்தைத் தேடிவைக்க, இன்னொரு கூட்டம் அதனைக் கொண்டு எழுத, மற்றொரு கூட்டம் எழுதியதைச் சரிபார்க்கும் நிலை வாய்க்குமாயின், நேரிற் கண்டறியாதாரும் ஒரு கழகமாய் இயங்கியவராவர்.

இனி, பாடசாலைகள் இக்கருவியை நடத்தும் முறையை நோக்குக. இருவகை வழக்கம் காணப்படுகின்றது. சில ஆசிரியர் விக்கிப்பீடியாவை நோக்கலாகாது என விலக்குகின்றனர். சிலர் செயற்றிட்டமும் ஒப்படையும் கேட்டுவிட்டு, மாணவர் அதிலிருந்து படியெடுத்துத் தரும் பக்கங்களுக்குப் புள்ளியிடுகின்றனர். ஒன்றுக்கொன்று மாறுபட்டனபோல் தோன்றினும், இரண்டும் ஒரே எண்ணத்திற் பிறந்தவை. இருசாராரும் விக்கிப்பீடியாவை முடிந்துபோன நூலாகவே கருதுகின்றனர். ஒருசாரார் தீய நூல் என ஒதுக்க, மறுசாரார் எளிய நூல் எனக் கையாளுகின்றனர். முடியாத நூல் அது என்பதும், அதனை முடித்துக்கொண்டு செல்பவருள் மாணவனும் ஒருவனாகலாம் என்பதும் இருசாரார்க்கும் தோன்றவில்லை.

2022 ஆம் ஆண்டு நவம்பரிலே சாட்ஜிபிடி வெளிவந்தபின் இக்கேள்வி மேலும் கூர்மை பெற்றுவிட்டது. கேட்ட மாத்திரத்தே கட்டுரை எழுதித்தரும் பொறி இன்று மாணவரின் கைத்தொலைபேசியிலேயே உள்ளது. அது தரும் கட்டுரையில் எழுதியவர் வரலாறு இல்லை. அடித்தலும் திருத்தலும் இல்லை. தடை நிகழ்த்தி முடிபுகண்ட அவை இல்லை. இத்தகைய பொறிகளைப் பயிற்றுதற்குப் பயன்பட்டவற்றுள் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளும் அடங்கும். ஆதலின் தமிழ்க் கட்டுரை ஒன்றிலே திருத்தப்படாது கிடக்கும் பிழை இனி அவ்வேட்டோடு நின்றுவிடும் என்று நம்புதற்கில்லை. பொறியின் வாயிலாக அது எத்தனையோ மாணவரின் ஒப்படைகளிற் சென்று குடியேறலாம்.

மருந்து பெருஞ்செலவுடையதன்று. ஒரு வகுப்பினர் ஒரு தவணைக்கு ஒரு கட்டுரையை மட்டும் எடுத்துக்கொள்க. அது தம் ஊர்க் குளமாகவோ, கோயிலாகவோ, பாடநூலில் வரும் அறிவியற் பொருளாகவோ இருக்கலாம். முதலில் அதன் வரலாற்றுப் பக்கத்தைப் படித்து, அது வளர்ந்த முறையை அறிக. பின்னர் ஆதாரமில்லாத ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்து, நூலகத்திலோ முதியோர் வீட்டு அலமாரியிலோ அச்சிட்ட சான்றைத் தேடுக. கிடைத்த சான்றைக் குறித்து, வாக்கியத்தைத் திருத்தி, திருத்திய காரணத்தை உரையாடற் பக்கத்தில் எழுதுக. வேறொருவர் மறுத்தெழுதின், பணிவோடும் ஆதாரத்தோடும் விடை கூறுக. மறுப்பிலே உண்மை இருப்பின் ஏற்றுக்கொள்க. ஆசிரியர் புள்ளியிடவேண்டியது இம்முயற்சியின் சுவடுகளுக்கே. யார் என்ன செய்தார் என்பது நாளும் நேரமும் சுட்டிப் பதிவாகியிருத்தலால், ஒருவன் உழைக்க ஐவர் பெயரிடும் வழக்கத்துக்கும் அங்கே இடமில்லை.

தமிழ் விக்கிப்பீடியா நிறைந்த நூலன்று. நிறைந்தது என்று அதனை எழுதியோரும் கூறிலர். அதனைப் படித்துச் செல்பவன் நன்னூலார் கணக்கின்படி காற்பங்கே பெறுவான். படியெடுப்பவன் அதனையும் பெறான். பிறரோடு வாதிட்டு ஒரு சொல்லைத் தெளிந்து, தான் தெளிந்ததை அறிமுகமற்ற வாசகனுக்கு விளங்க எழுதும் மாணவனுக்கே எஞ்சிய முக்காற்பங்கும் உரியது. அம்மாணவர் பலராயின், ஏடும் திருந்தும். அவர்தம் எழுத்தும் திருந்தும் என்பது ஒருதலை.